வண்டியில் கோளாறு ஏதுமில்லை

டிப்போவில் ஒரு பழக்கம் உண்டு. காலை ஷிப்ட் ஓட்டுநர் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கும்போது, மதிய ஷிப்ட்காரர் "எப்படி இருக்கு?" என்று கேட்பார். "எல்லாம் சரியா இருக்கு" என்பதுதான் பதில். பிரேக் இழுத்தாலும், கியர் முரண்டு பிடித்தாலும், பின்கதவு பாதி திறந்து யோசித்து நின்றாலும் அதே பதில். பொய் சொல்லவேண்டும் என்று யாருக்கும் ஆசை இல்லை. கோளாறு என்று வாயைத் திறந்தவர், மெக்கானிக் வந்து பார்த்து முடிக்கும்வரை ஷெட்டில் நிற்கவேண்டும். விடியும் முன்னே எழுந்து வந்த மனிதருக்கு வீடும் படுக்கையும்தான் கண்ணில் நிற்கும். அதனால் சாவி கை மாறும்; சொல்லாமல் கொள்ளாமல் கோளாறும் கை மாறும். அடுத்தவர் முதல் வளைவில் தெரிந்துகொள்வார். தன் ஷிப்ட் முடியும்போது அவரும் "எல்லாம் சரி" என்பார்.

அவளும் அவள் கணவனும் அந்த டிப்போவில் ஓட்டுநர்கள். அவனுக்குக் காலை, அவளுக்கு மதியம். குழந்தை பிறந்த பிறகு இருவருமாகக் கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போதே அவன் கிளம்பிப் போய்விடுவான். மதியம் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்து டிப்போ வாசலுக்கு வருவாள். அவன் வண்டியை விட்டுவிட்டு வெளியே வருவான். வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில், ஒரு கையில் பையும் இன்னொரு கையில் குழந்தையுமாக, கைமாற்றம் நடக்கும்.

"எப்படி இருக்கு?"

"எல்லாம் சரியா இருக்கு."

அதற்கு மேல் பேச நேரம் இருக்காது. அவள் உள்ளே ஓடுவாள், அவன் பஸ் நிறுத்தத்துக்கு நடப்பான்.

குழந்தைக்கு ஒன்றரை வயது. முன்பற்கள் அரிசிபோல் வரிசையாக வந்துவிட்டன. நடக்கிறது, ஓடுகிறது, அலமாரிக் கதவைத் திறந்து மூடுகிறது. ஆனால் பாட்டிலில் வரும் பவுடர் பாலைத் தவிர வேறு எதுவும் அதன் தொண்டைக்குள் இறங்காது. எதிரே ஸ்பூன் வந்தால் முதலில் ஸ்பூனைப் பார்க்கும். பிறகு ஸ்பூன் பிடித்திருப்பவர் முகத்தைப் பார்க்கும். மறுபடியும் ஸ்பூனைப் பார்க்கும். பிறகு வாயை இறுக மூடிக்கொள்ளும். ஒருநாள் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று அவள் வாழைப்பழம் ஊட்டப் பார்த்தபோது வாட்ச்மேன் இந்தக் கூத்தைக் கவனித்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன தங்கச்சி, டிக்கெட்டத் திருப்பித் திருப்பிப் பாக்கற செக்கர் மாதிரி பாக்குது? கள்ள டிக்கெட்டு குடுத்துட்டியா?"

அன்றிலிருந்து டிப்போ முழுக்க அதற்குச் 'செக்கர்' என்றே பெயர்.

போன மாதம் டாக்டரம்மா குழந்தையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, விரல் நகங்களை அழுத்திப் பார்த்து, ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தம் குறைவு. இந்த வயதுக்குப் பால் மட்டும் போதாது, பால் வயிற்றை அடைத்துக்கொண்டிருக்கும்வரை பசி எடுக்காது, பசி எடுக்காமல் எந்தக் குழந்தையும் மெல்லாது என்றார். ஒரு சொட்டு மருந்து எழுதினார். இரவு தூங்கும் முன் ஒரே ஒரு பாட்டில்; மற்ற நேரம் சாப்பாடு. ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கவேண்டும்.

"அழும். அழட்டும். ரெண்டு மூணு நாள்ல வழிக்கு வந்துடும்" என்றார் டாக்டரம்மா.

அழும் என்பதை ஒரு சொல்லாகச் சொல்வது சுலபம். அவளுக்கு அது சமையலறைத் தரையில் மல்லாந்து விழுந்து, நெஞ்சுக்கூடு தெரிய முதுகை வில்லாக வளைத்து, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே விடாமல் நிறுத்தும் அந்த நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் உலகம் முழுதும் நின்றுவிடும். பிறகுதான் சத்தம் வரும். சத்தம் வந்தபின் அவளுக்கே மூச்சு திரும்பும்.

அவள் முயற்சி செய்யாமல் இல்லை. ஒருநாள் கேரட், ஒருநாள் உருளைக்கிழங்கு, ஒருநாள் முட்டை மஞ்சள். ஒருமுறை ஒரு துண்டு ஆப்பிள் கொடுத்து அது குமட்டிக் கண் சிவந்து போனதிலிருந்து, எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டுக் கூழாக அடித்தாள். நிறம் மட்டும் வேறு வேறாக இருக்கும் ஒரே கூழ்.

"பஸ் வருது, பஸ் வருது... கதவத் திறங்க சார்."

கதவு திறக்கவில்லை.

"ஸ்டாப்பிங் வந்துடுச்சு சார். ஆள் ஏறணும்."

செக்கர் கழுத்தைத் திருப்பிக்கொண்டது. அது கொட்டாவி விட்ட நேரம் பார்த்து ஒரு துளியை உள்ளே விட்டாள். டிக்கெட் வாங்காத பயணியை இறக்கிவிடுவதுபோல் நாக்கு அதை வெளியே தள்ளியது. துளி தாடையில் வழிந்து, சட்டையில் ஏற்கெனவே காய்ந்திருந்த கறைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

பேசிக்கொண்டே ஊட்டவேண்டும், பாடவேண்டும், கதை சொல்லவேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்குப் பேச்சு அவ்வளவாக வராது. ஓட்டுநர் வேலைக்கு வந்ததற்கே அது ஒரு காரணம். பஸ்ஸில் ஓட்டுநர் கூண்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் ஷிப்ட் முடியும்வரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வீட்டில் 'பஸ் வருது' என்று குரலை ஏற்றி இறக்கி முடித்ததும், அன்றைக்குரிய பேச்செல்லாம் செலவாகிவிட்டது போலிருக்கும்.

முதல் தடவை பாட்டிலைக் கொடுத்தபோது அதை அவள் தவறு என்றே நினைக்கவில்லை. அதற்கு முந்தின நாள் குழந்தை வழி முழுக்க அழுதுகொண்டே வந்து, அழுதுகொண்டே கை மாறியது. அவள் வண்டியை எடுத்தாள். எஞ்சின் சத்தத்துக்கு அடியில் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. பெரிய மருத்துவமனை நிறுத்தத்தில் நிறுத்த மறந்து போய்விட்டாள். உள்ளே இருந்தவர்கள் கூவிய பிறகே நினைவு வந்தது. ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்ததைக் கண்ணாடியில் பார்த்தாள்.

மறுநாள் கிளம்பும் முன் பாட்டிலைக் கலக்கினாள். வண்டி நிறைய ஜனங்களை வைத்துக்கொண்டு ஓட்டுபவள் நான், எனக்குத் தலை நிதானத்தில் இருக்கவேண்டாமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழந்தை இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, அவளைப் பார்த்துக்கொண்டே குடித்தது. அந்தப் பார்வையில் நன்றிகூட இல்லை, 'இதை முதலிலேயே செய்திருக்கலாமே' என்றுதான் இருந்தது.

பிறகு தினமும் அப்படித்தான் ஆயிற்று. பாட்டிலைக் கழுவி, துடைத்து, பழையபடி கவிழ்த்து வைப்பாள். அடுப்படியில் இருக்கும் டின்னில் பவுடர் வேகமாக இறங்கினால் கணவனுக்குத் தெரிந்துவிடும் என்று, வேறொரு டின் வாங்கிப் பெரிய குக்கருக்குள் வைத்து மூடினாள். விருந்தாளி வந்தால் எடுக்கும் குக்கர் அது. அந்த வீட்டுக்கு யார் விருந்தாளி வரப்போகிறார்கள்?

டிப்போ வாசலில் குழந்தை சமர்த்தாகக் கை மாறியது.

"பரவாயில்லயே, அழல. எப்படி இருக்கு? சாப்பிட்டுதா?"

"ரெண்டு ஸ்பூன். எல்லாம் சரியா இருக்கு. சாயங்காலம் நீங்க குடுத்துப் பாருங்க."

"பாக்கறேன்."

மறுநாள் காலை அவன் கிளம்பும் நேரத்தில், அரைத்தூக்கத்தில் அவள் கேட்பாள்: "நேத்து சாயங்காலம்?"

"மூணு ஸ்பூன் போச்சு. எல்லாம் சரி."

மாதம் ஓடியது. இரண்டு பேரும் ஒருநாள் விடுப்புச் சொல்லி டாக்டரம்மாவிடம் போனார்கள்.

எடை பார்க்கும் தட்டு ஜில்லென்றிருந்ததால் குழந்தை வீறிட்டது. டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"அப்படியேதான் இருக்கு. மருந்து போகுதா?"

"பாதி துப்பிடுது மேடம்."

"பால் எத்தனை தடவை?"

"ஒண்ணுதான் மேடம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில், வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைகள் மாதிரி.

"சாப்பாடு?"

"ரெண்டு மூணு ஸ்பூன்..."

டாக்டரம்மா எடைத்தட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பினார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினார். "எடை நல்லா ஏறியிருக்கே. ஒரு பாட்டில் பால்லயும் மூணு ஸ்பூன்லயும் இப்படி ஏறுமா? காத்தக் குடிச்சு வளர்ற குழந்தைய நான் இன்னும் பாக்கல."

அவள் தரையைப் பார்த்தாள். கணவன் குழந்தையின் காலணி நாடாவைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தான். அந்தக் காலணியில் நாடாவே கிடையாது, ஒட்டும் பட்டைதான். அதை ஒட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான்.

"நான் உங்கள மிரட்டல" என்றார் டாக்டரம்மா. "அடுத்த மாசமும் ரத்தம் இப்படியே இருந்தா இங்க சேத்துடுங்க. குழாய் வழியா ஏத்த வேண்டியத ஏத்தி, சாப்பிடவும் நாங்களே பழக்கறோம். ஆனா கூட ஒருத்தர் முழு நேரமும் இருக்கணும். உங்க ரெண்டு பேர்ல யார் வேலைய விடறீங்கன்னு பேசி வச்சுக்குங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஓட்டியவன் தெரிந்தவன்தான். கண்ணாடியில் பார்த்துக் கையைத் தூக்கினான். குழந்தை அவள் மடியில் ஊசி குத்திய விரலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அந்தப் பிஞ்சுக் கையில் ரத்தம் எடுக்க இடம் தேடித் தேடிக் குத்தியது அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. எடை ஏறியதற்குக் காரணம் பெரிய குக்கருக்குள் இருக்கிறது. சொல்லிவிடலாம். சொன்னால் அவன் என்ன சொல்வான்? விடியுமுன் எழுந்து, அத்தனை நேரம் வண்டி ஓட்டி, பிறகு இதோடு மல்லுக்கட்டுகிற மனுஷன். நான் மட்டும் அவனுக்குத் தெரியாமல்...

பெரிய வளைவில் வண்டி லேசாக இடதுபக்கம் ஒதுங்கியது. இருவரின் வலது கால்களும், பிரேக்கை மிதிப்பதுபோல், ஒரே நேரத்தில் தரையை அழுத்தின.

"பிரேக் இழுக்குது" என்றான் அவன்.

"ம்."

"இவன் போய்ச் சொல்லமாட்டான்."

"யாருதான் சொல்றாங்க."

நிறுத்தங்கள் வந்து போயின. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். அவன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்:

"நம்ம வண்டியிலயும் ஒரு கோளாறு இருக்கு."

அவள் திரும்பவில்லை.

"சாயங்காலம் ஒரு பாட்டில் குடுத்துடறேன்."

"ஒண்ணா?"

"...ரெண்டு. சில நாள்தான்."

கோபம் வந்திருக்கவேண்டும். தொண்டைவரை வந்தது. அங்கே அவளுடைய பொய் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால் இடமில்லாமல் வந்தபடியே இறங்கிப் போயிற்று.

"ஊட்டிக்கிட்டே தூங்கிடறேன்" என்றான். "ஸ்பூன் கையில இருக்கும். கீழ விழற சத்தத்துல முழிச்சுப்பேன். ஒருநாள் முழிச்சப்ப அது அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்துது. அப்புறம் பயம் வந்துடுச்சு. பாட்டில் குடுத்தா மடியிலயே கிடக்குது."

அவள் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். "நான் மத்தியானம் குடுக்கறேன்" என்றாள். "கிளம்பறதுக்கு முன்னாடி."

"எத்தனை நாளா?"

"டாக்டர் வேண்டாம்னு சொன்ன மூணாம் நாள்லேருந்து."

"டின்னு அதிகமா இறங்கவே இல்லயே! நான் தினமும் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்?"

"அது வேற டின்னு."

"எங்க?"

"பெரிய குக்கர்ல."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

"உங்களுது?"

"மழை பூட்ஸுக்குப் பின்னாடி."

"அடப்பாவி மனுஷா, குழந்தை பாலப் போய் பூட்ஸுக்குப் பின்னாடியா?"

"மூடி போட்ட டின்னுதானே!"

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்கள். இந்த வீட்டில் காவல் இரண்டு, தோழர்களும் அதே இரண்டு பேர். நடுவில் பூனைக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை. சிரித்து முடித்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் நின்றது. துடைக்கக் கை வரவில்லை, கையில் குழந்தை.

வீட்டுக்கு வந்ததும் மூன்று டின்களும் மேசைமேல் வந்தன. குழந்தை அவற்றைப் பார்த்ததும் கையை நீட்டித் துள்ளியது. அவன் மூன்றையும் எடுத்துப் பரண்மேல் தள்ளினான். அவ்வளவுதான். தரையில் விழுந்து, முதுகை வளைத்து, மூச்சை இழுத்துக்கொண்டது. அவள் பாதம் தானாகத் தரையை அழுத்தியது.

"கால எடு" என்றான் அவன். "வண்டி நிக்குது. நான் இருக்கேன்ல."

சத்தம் வந்தது. வந்த சத்தம் நெடுநேரம் ஓயவில்லை. அவர்கள் மாறி மாறித் தூக்கினார்கள். இறங்கிக்கொண்டு மறுபடியும் அழுதது. காலையிலிருந்து இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை. மிக்ஸியை எடுத்துக் கழுவும் தெம்பு அவளுக்கு இல்லை. உருளைக்கிழங்கையும் முட்டையையும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்தாள். அவன் மேசைமேல் குவிந்திருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டான். அந்த மேசைக்கு அடியில் இன்னொரு நாற்காலி இருந்தது அவளுக்கே மறந்து போயிருந்தது. உப்பு, மிளகுத்தூள், ரொட்டி. எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

பசி என்றால் அப்படியொரு பசி. அவன் சூடான உருளைக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு, 'ஹா ஹா' என்று ஊதி, கண்ணை மூடி மென்றான். அவளும் பேசாமல் தின்றாள். பாதித் தட்டு காலியான பிறகுதான், அழுகை நின்றிருப்பது காதில் விழுந்தது.

குழந்தை மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அப்பாவின் தாடையைப் பார்த்தது. அது மேலும் கீழும் போவதைப் பார்த்தது. திரும்பி அம்மாவின் தாடையைப் பார்த்தது. அதே செக்கர் பார்வைதான். ஆனால் இந்தத் தடவை கள்ள டிக்கெட்டைப் பிடிக்கும் பார்வையாக இல்லை. இப்படியொரு வழித்தடம் இருப்பதே தெரியாமல் இருந்தவர் பார்ப்பதுபோல் இருந்தது.

"நீங்க தினமும் எங்க சாப்பிடறீங்க?" என்று திடீரென்று கேட்டாள்.

"ட்ரிப்புக்கு நடுவுல, வண்டியிலயே. நீ?"

"கேன்டீன்ல. நின்னுக்கிட்டே."

"வீட்டுல?"

"இது தூங்கினப்புறம்."

"நானும்தான்."

அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். பிறந்ததிலிருந்து இந்தக் குழந்தை யாரும் சாப்பிடுவதைப் பார்த்ததே இல்லை. சாப்பாடு என்பது எப்போதும் அதன் முகத்தை நோக்கி வருகிற ஒன்று. வேறு எவர் வாய்க்குள்ளும் போவதில்லை. வருகிறவர்களும் ஏதோ அவசரத்தில், நேரத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள். சந்தேகப்படாமல் என்ன செய்யும்?

அவள் அதைச் சொல்லத் தொடங்கினாள். அவன் புருவத்தால் தடுத்தான். குழந்தை ஏறி அவள் மடிக்கு வந்திருந்தது. ஒரு கை தட்டின் விளிம்பில் இருந்தது.

"பாக்காத" என்றான் வாயசைக்காமல்.

"பாக்கல."

செக்கர் ஏறியதைக் காணாததுபோல் நேரே சாலையைப் பார்த்து ஓட்டும் ஓட்டுநர்களாக இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்து மென்றார்கள். கை உருளைக்கிழங்குத் துண்டைப் பிடித்தது. நசுக்கியது. விரலிடுக்கில் பிதுங்கியதை உற்றுப் பார்த்தது. வாய்க்குக் கொண்டுபோனது. முகம் கோணியது. அவள் புடவையில் துப்பியது. அவள் அசையவில்லை. மறுபடியும் கை போனது. இந்தத் தடவை உள்ளே போனது வெளியே வரவில்லை. ஒரு குமட்டல் வந்தது. அவள் பாதி எழுந்துவிட்டாள். மேசைக்கு மேலாக அவன் கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. குழந்தை இருமியது, கண்ணில் நீர் கட்டியது, ஏதோ இறங்கியது. தன் தொண்டைக்குள் என்ன நடந்தது என்று யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு தட்டைப் பார்த்தது.

அன்று உள்ளே போனதெல்லாம் சேர்ந்து ஒரு நெல்லிக்காய் அளவு இருக்கும். சாயங்காலம் மறுபடியும் அழுகை. இரவு பாட்டிலை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி கலக்கினார்கள். மறுநாள் முட்டையைத் தொடவில்லை. அதற்கு மறுநாள் முட்டையை மட்டும் தொட்டது. பழம் நழுவிப் பாலில் விழுவதெல்லாம் பழமொழியில்தான். இங்கே பழம் தரையில் விழுந்தது, மிதிபட்டது, துடைக்கப்பட்டது. அவள் கேன்டீனில் சாப்பிடுவதை நிறுத்தினாள். கிளம்பும் முன் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து, பேச வராத தன் வாயை மெல்வதற்கு மட்டும் பயன்படுத்தினாள். அவன் சாப்பாட்டு டப்பாவை வண்டியில் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய், தூக்கம் சொக்கச் சொக்கக் குழந்தையின் முன்னால் தின்றான். இளைத்துப்போனான். சில நாட்கள் இருவரும் தோற்றார்கள். தோற்றதை வாசலில் சொன்னார்கள்.

அடுத்த மாதம் டாக்டரம்மா இமையை இழுத்துப் பார்த்தார். "இன்னும் வெளுப்புதான்" என்றார். பரிசோதனை முடிவை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "ஆனா ஏறுது. சேக்க வேண்டாம். இப்ப என்ன பண்றீங்களோ அதையே பண்ணுங்க" என்றார். தினமும் சாப்பிடுகிறோம் என்று டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் மதியம் கூண்டுக்குப் பக்கத்தில் குழந்தை கை மாறியது.

"எப்படி இருக்கு?"

வாட்ச்மேன் நேரமாகிறது என்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவள் நின்றாள்.

"கேரட்டு ரெண்டு துண்டு. ரொட்டி ஓரம். முட்டைய என் மேலயே எறிஞ்சுது. கிளம்பறப்ப என்னால முடியல, அரை பாட்டில் குடுத்துட்டேன்."

"அரைதானே?"

"அரைதான்."

"சரி, போ. நான் பாத்துக்கறேன்."

உள்ளே, அவள் எடுக்கவேண்டிய வண்டியின் காலை ஓட்டுநர் அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டாள். "எல்லாம் சரியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுச் சாவியை அவள் கையில் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, வாசலைத் தாண்டும் முன் பிரேக்கை ஒருமுறை அழுத்தி மிதித்துப் பார்த்தாள்.

பக்கக் கண்ணாடியில் அவன் தெரிந்தான். கூண்டுச் சுவரில் சாய்ந்து, ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் ரொட்டியுமாக நின்றான். கண் பாதி மூடியிருந்தது. தாடை மட்டும், குழந்தைக்கு நன்றாகத் தெரியும்படி, மேலும் கீழுமாகப் பெரிதாக அசைந்துகொண்டிருந்தது.